கேலன் மருத்துவத்தைப் பின்னுக்கு இழுத்தாரா? பட்டிமன்றத்துக்குத் தயாராகும் ஒரு மாணவிக்குப் பதில்

கேள்வி: டாக்டர், நான் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். கல்லூரி விழாப் பட்டிமன்றத்தில் "கேலன் மட்டும் இல்லாமலிருந்தால் மருத்துவம் ஆயிரம் வருஷம் முன்பே வளர்ந்திருக்கும்" என்று பேசும் அணியில் என்னைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் அனாட்டமி புத்தகத்தில் இந்தப் பழைய கிரேக்க மருத்துவரைப் பற்றி ஒரு பத்திதான் இருக்கிறது. குரங்கை அறுத்துப் பார்த்து மனிதனைப் பற்றி எழுதினார், 1300 வருஷம் எல்லாரும் நம்பினார்கள், அப்புறம் பதினாறாம் நூற்றாண்டில் வெசாலியஸ் என்ற உடற்கூறியலாளர் வந்து திருத்தினார், அவ்வளவுதான். ஆனால் நெட்டில் தேடிப் படிக்கப் படிக்க எனக்கு அவர் மேல் மரியாதைதான் வருகிறது. மனதுக்குச் சரி என்று படாததை மேடையில் பேசப் பிடிக்கவில்லை. அணி மாறிவிடலாமா? இல்லை, உண்மையிலேயே அவர் மேல் தப்பு இருக்கிறதா?

பதில்:

அணி மாற வேண்டாம்மா. அந்தப் பக்கமே நின்று, ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லாமல் பேச முடியும். ஆனால் "குரங்கை அறுத்தார், உலகம் ஏமாந்தது" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு மேடையேறாதீர்கள். எதிரணியில் கொஞ்சம் படித்த பிள்ளை ஒருவர் இருந்தால் போதும், இரண்டே நிமிடத்தில் உங்களை உட்கார வைத்துவிடுவார். அதனால் அந்த மனிதர் என்னதான் செய்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அவரை எங்கே பிடிக்கலாம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர், தைராய்டு ஆபரேஷனும் செய்கிறவன். தைராய்டில் கத்தி வைக்கும் எவருக்கும் முதல் கவலை ஒரு நரம்புதான். ரிகரென்ட் லாரிஞ்சியல் நரம்பு. டிஸெக்‌ஷன் ஹாலில் கழுத்துக்கு வரும்போது நீங்களே பார்ப்பீர்கள், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் வெள்ளை நூல் மாதிரி இருக்கும். தலையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பின் கிளை அது. போய்ச் சேர வேண்டிய இடம் குரல்வளை, ஆனால் அதைத் தாண்டி மார்புக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருந்தமனி வளைவையும் வலப்பக்கம் கைக்குப் போகும் தமனியையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவிலுள்ள பள்ளம் வழியாக வந்து குரல்வளைக்குள் நுழைகிறது. ஒரு பக்கத்து நரம்பு அறுந்தால் குரல் கம்மிவிடும், இரண்டு பக்கமும் போனால் மூச்சுக்கே ஆபத்து. இந்த நரம்பு இப்படிக் கீழே போய்த் திரும்பி மேலே வருகிறது, குரலை ஆள்வது இதுதான் என்று அறுத்துக் காட்டி, கட்டிக் காட்டி, எழுதியும் வைத்தவர் கேலன், அதுவும் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். அது சுற்றி வரும் பாதையைக் கப்பிக் கயிறு திரும்பி வருவதோடு ஒப்பிட்டதும் அவரேதான்.

அவர் எழுதி வைத்திருக்கும் ஒரு சம்பவத்தை எங்கள் பிரிவுக்கு வரும் பயிற்சி மருத்துவர்களிடம் தவறாமல் சொல்வேன். கழுத்தில் கட்டிகளோடு இருந்த ஒரு சிறுவனுக்கு வைத்தியர் ஒருவர் அறுவை செய்திருக்கிறார். இரத்தக் குழாய் அறுந்துவிடுமோ என்று பயந்து, கத்தியை வைத்துவிட்டு விரல் நகத்தாலேயே கட்டிகளைப் பிய்த்து எடுத்தார். அதோடு அங்கே ஓடிய நரம்புகளும் பிய்ந்து வந்துவிட்டன. கட்டி போனது, பையனுக்குப் பேச்சும் போனது. இன்னொரு பையனுக்கு அதே மாதிரி செய்ததில் ஒரு பக்க நரம்பு மட்டும் போய், பாதிக் குரல்தான் மிஞ்சியது. சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் ஆச்சரியம், மூச்சுக்குழாயும் குரல்வளையும் அப்படியே இருக்கும்போது குரல் எப்படிப் போகும் என்று. கேலன் அவர்களுக்கு அந்த நரம்பைக் காட்டி விளக்குகிறார். தைராய்டு ஆபரேஷனுக்கு முன் இன்று நாங்கள் நோயாளியிடம் உட்கார்ந்து விளக்கிக் கையெழுத்து வாங்குகிறோமே, அந்தப் பேச்சின் பாதி இந்தச் சம்பவத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரோமில் அவர் இதை எல்லார் முன்னாலும் செய்து காட்டினார். பன்றியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அது போடும் சத்தம். உயிருள்ள பன்றியைக் கட்டிப் போட்டு, கழுத்தைத் திறந்து, அந்த நரம்பைச் சுற்றி நூலை இறுக்குவார், அலறல் சட்டென்று நின்றுவிடும். நூலைத் தளர்த்தினால் மறுபடி அலறும். இன்று படிக்கும்போது வயிற்றைப் பிசைகிறது, மயக்க மருந்து இல்லாத காலம், அந்த விலங்குகள் பட்ட பாட்டை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. அந்தக் காட்சியால் முடிவுக்கு வந்த சண்டை என்ன என்பதையும் பாருங்கள். சிந்தனையும் பேச்சும் இதயத்திலிருந்து வருகின்றனவா, மூளையிலிருந்து வருகின்றனவா என்று தத்துவவாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். குரலை நிறுத்தவும் திரும்ப வரவழைக்கவும் மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு போதும் என்று இவர் நூலைக் கட்டிக் காட்டிவிட்டார். ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் முன்பு இருந்த போயதஸ் ஏற்பாடு செய்த ஒரு செய்முறையில், டமாஸ்கஸைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் என்ற தத்துவ ஆசிரியர், கண்ணால் காண்பதை நம்ப வேண்டுமா என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாமே என்று கேட்டிருக்கிறார். கேலன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறப்பு வளர்ப்பெல்லாம் சுருக்கமாகப் போதும். கி.பி. 129இல் பெர்கமோனில் பிறந்தார், அந்த ஊர் இன்று துருக்கியில் பெர்காமா. அப்பா நிக்கோன் கட்டடக் கலைஞர், மருத்துவ தெய்வம் அஸ்க்ளெபியஸ் கனவில் வந்து சொன்னதால் மகனை மருத்துவம் படிக்க வைத்தார். ஸ்மிர்னா, கொரிந்து, அலெக்ஸாண்ட்ரியா என்று சுற்றிப் படித்துவிட்டு, 157இல் ஊர் திரும்பி கிளாடியேட்டர்களுக்கு மருத்துவரானார். வாள் கிழித்த உடம்புகளைத் தைத்துத் தைத்துத்தான் கை பழகியிருக்கிறது. 162இல் ரோம். பிறகு பேரரசர் மார்க்கஸ் அரேலியஸுக்கும் அவர் மகன் கொமோடஸுக்கும் மருத்துவர். 192இல் ரோமில் பற்றிய பெருந்தீயில் அவர் எழுதி வைத்திருந்த பலவும் எரிந்துபோயின. அப்படியும் மிஞ்சியவற்றை 1821 முதல் 1833 வரை லைப்சிக்கில் கூன் என்பவர் பதிப்பித்தபோது 22 புத்தகங்கள் வந்தன.

மேடையில் சொல்ல ஒன்றிரண்டு சோதனைகளை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் எங்கே உண்டாகிறது என்று அன்று பெரிய தகராறு. குடிக்கும் தண்ணீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையில் போய் ஊறுகிறது, சிறுநீரகத்துக்கு இதில் வேலையே இல்லை என்று ஒரு கட்சி. கேலன் ஒரு விலங்கின் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் இரண்டு குழாய்களையும் கட்டினார். பை காலியாகவே இருந்தது, கட்டுக்கு மேலே குழாய்கள் வீங்கின. கட்டை அவிழ்த்ததும் பை நிரம்பியது. அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. தமனிக்குள் ஓடுவது காற்றுதான் என்று பழைய அலெக்ஸாண்ட்ரியா மருத்துவர் எராசிஸ்ட்ராட்டஸ் காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு, தமனியை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் கீறி, அங்கே இருப்பது இரத்தம் என்று காட்டினார். தண்டுவடத்தை எந்த இடத்தில் வெட்டினால் எதெது செயலிழக்கிறது என்பதையும் மேலிருந்து கீழ் வரை வரிசையாகப் பார்த்து எழுதினார்.

இவை விலங்குகளோடு நின்றுவிடவில்லை. சிரியாவிலிருந்து வந்த பௌசானியஸ் என்ற பேச்சாளருக்குச் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரலில் பாதி என்று உணர்ச்சி இல்லாமல் போனது. மற்ற வைத்தியர்கள் விரலுக்கே மருந்து பூசிக்கொண்டிருந்தார்கள். கேலன் தோண்டித் தோண்டி விசாரித்ததில், அவர் வண்டியிலிருந்து விழுந்து முதுகின் மேல்பக்கத்தில் அடிபட்டது தெரிந்தது. விரலை விடுங்கள் என்று சொல்லி, அதே மருந்தைக் கழுத்தின் கீழே, அந்த விரல்களுக்கு நரம்பு புறப்படும் இடத்தில் போட வைத்தார். நோயாளி குணமானார். மருந்து வேலை செய்ததா, தானாக ஆறியதா என்பது வேறு விஷயம், ஆனால் நோய் இருக்கும் இடமும் அது தெரியும் இடமும் வேறு வேறாக இருக்கலாம் என்ற அந்த யோசனைதான் இன்றைய நரம்பியல் பரிசோதனையின் அடிப்படை. இரண்டாம் வருஷம் வார்டுக்குப் போகும்போது இது உங்களுக்கு இன்னும் நன்றாகப் புரியும்.

சரி, இப்போது குரங்கு விவகாரம். ஏன் குரங்கு? அன்றைய ரோமில் மனித உடலை அறுத்துப் படிக்க வழியில்லை. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவில் ஹெரோஃபிலஸும் எராசிஸ்ட்ராட்டஸும் மனித உடல்களை அறுத்துப் பார்த்தார்கள், அதோடு அந்த வழக்கம் நின்றுபோனது. அதனால் கேலன் வட ஆப்பிரிக்காவின் வாலில்லாக் குரங்குகளையும் பன்றி, ஆடு, மாடுகளையும் அறுத்தார். மனிதனைப் பார்க்க அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆற்று வெள்ளம் ஒரு புதைகுழியை அரித்துக்கொண்டு வந்து ஒதுக்கிய பிணத்தைப் பற்றி எழுதுகிறார், சதை அழுகிப்போய் எலும்புகள் மட்டும் மூட்டோடு மூட்டாக அப்படியே இருந்ததாம், பாடம் நடத்துவதற்கென்றே வைத்தது போல. மலைப்பாதையில் கொல்லப்பட்டுக் கிடந்த ஒரு கொள்ளைக்காரனைப் பறவைகள் தின்று தீர்த்த பிறகு அந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததையும் சொல்கிறார். மாணவர்களுக்கு அவர் கொடுத்த அறிவுரையும் அதுதான். முடிந்தால் அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் போங்கள், அங்கே மனித எலும்புகளையே காட்டிப் பாடம் நடத்துகிறார்கள். முடியாவிட்டால் குரங்கைப் பாருங்கள். புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள், உங்கள் கண்ணால் பாருங்கள்.

அப்படிச் சொன்னவருடைய புத்தகத்தைத்தான் பின்னால் வந்தவர்கள் கண்ணுக்குப் பதிலாக வைத்துக்கொண்டார்கள். உங்கள் பேச்சுக்கு முதுகெலும்பு இதுதான் என்பேன்.

தவறுகள் என்று பார்த்தால், கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்றார். மூளையின் அடியில் தமனிகளின் வலைப்பின்னல் ஒன்று இருப்பதாக எழுதினார், அது ஆடு மாடுகளுக்கு உண்டு, நமக்குக் கிடையாது. எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இதயத்தைப் பற்றியது. உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, அது உடம்பெங்கும் போய்ச் செலவாகிவிடுகிறது, அதில் கொஞ்சம் இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச்சுவர் வழியாகவே கசிந்து போகிறது என்றார். சுவரில் தெரியும் குழிகள் துளைகளின் ஆரம்பம், அவை முடியும் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்று சாதித்தார். பார்த்ததைத்தான் நம்ப வேண்டும் என்று சண்டை போட்ட ஆள், பார்க்காத துளையை நம்பிவிட்டார், ஏனென்றால் அது இல்லாவிட்டால் அவர் கட்டிய ஏற்பாடு முழுக்க இடிந்துவிடும். இந்தக் குற்றச்சாட்டை மேடையில் தைரியமாக வைக்கலாம், அவரை அவருடைய அளவுகோலாலேயே அளக்கிறோம்.

ஆனால் "1300 வருஷம் ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அது உண்மையில்லை. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் கேலனின் நூல்களைச் சிரியாக் மொழிக்கும் அரபிக்கும் கொண்டுவந்தார்கள். எந்தச் சுவடி எங்கே கிடைத்தது, யாருக்காக மொழிபெயர்த்தது என்று 129 நூல்களுக்கு ஹுனைன் கணக்கு எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் தொலைந்துபோன சில நூல்கள் இன்று நம்மிடம் இருப்பதே அந்த அரபி மொழிபெயர்ப்பால்தான். அங்கே படித்தவர்கள் தலையாட்டிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. மருத்துவமனை நடத்திய அர்-ராஸி, கேலன் தன் ஆசான் என்று சொல்லிவிட்டு, தான் பார்த்த நோயாளிகளின் காய்ச்சல் அவர் எழுதியபடி போகவில்லை என்று ஐயங்களைத் தனி நூலாகவே எழுதினார். எகிப்தில் 1200 முதல் 1202 வரை கொடும் பஞ்சம் வந்து மக்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது அங்கிருந்த அப்துல் லத்தீஃப் அல்-பாக்தாதி, குவிந்து கிடந்த எலும்புகளுக்கு நடுவே கீழ்த்தாடையைத் தேடித் தேடிப் பார்த்தார், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகள் என்று எழுதுகிறார். எதிலும் பொருத்து இல்லை, ஒரே எலும்பு. கேலனை விடக் கண் சொல்வதே உறுதி என்று எழுதி முடித்தார். அதே பதின்மூன்றாம் நூற்றாண்டில் இப்னு நஃபீஸ், நடுச்சுவரில் துளையே கிடையாது, இரத்தம் நுரையீரல் வழியாகத்தான் இடது பக்கம் போகிறது என்று தெளிவாக எழுதினார். இந்த மரபு நம் ஊர் வரை வந்திருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஜாலினூஸ் என்றால் யார் என்று தெரியும், அது கேலன்தான்.

ஐரோப்பாவில் நடந்ததைத்தான் உங்கள் புத்தகம் ஒரு வரியில் முடித்துவிட்டது. வெசாலியஸ் கேலனைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர் இல்லை. 1541இல் வெனிஸில் வெளியான கேலன் தொகுப்புக்கு அவரே சில பகுதிகளைச் சரிபார்த்துக் கொடுத்திருக்கிறார், அவ்வளவு நெருக்கமாகப் படித்தவர். 1540இல் போலோன்யாவில் குரங்கின் எலும்புக்கூட்டையும் மனிதனின் எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பு முள்ளெலும்பில் கேலன் சொன்ன முனைப்பு குரங்குக்குத்தான் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினார். 1543இல் அவருடைய பெரிய நூல் வந்தபோது கொதித்தெழுந்தவர் பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ். தவறு கேலனிடம் இல்லை, அவர் காலத்துக்குப் பிறகு மனித உடம்புதான் மாறிவிட்டது என்றார் அந்தப் பேராசிரியர்! ஒரு ஆசானின் பெயரைக் காப்பாற்ற மனித இனத்தின் எலும்பையே மாற்றத் துணிந்திருக்கிறார்கள். அப்புறம் 1628இல் ஆங்கில மருத்துவர் ஹார்வி, இதயம் அரை மணி நேரத்தில் வெளியே தள்ளும் இரத்தத்தைக் கணக்குப் போட்டு, அவ்வளவையும் உணவிலிருந்து கல்லீரல் உண்டாக்க வழியே இல்லை, ஆகவே அது சுற்றித்தான் வர வேண்டும் என்று நிறுவினார். எப்படி நிறுவினார் என்று பாருங்கள், கையைக் கட்டி, அவிழ்த்து, சிரையை அழுத்தி. கட்டு, அவிழ், பார். கேலன் பன்றியிடம் செய்த அதே முறை.

இனி உங்கள் அணிக்கான உண்மையான ஆயுதம். எலும்பையும் துளையையும் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள், தாடை ஒன்றா இரண்டா என்பதால் நோயாளி யாரும் சாகவில்லை. சிகிச்சையைப் பிடியுங்கள். இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்ற நான்கின் சமநிலை குலைவதுதான் நோய் என்பது ஹிப்போகிரட்டஸ் பெயரில் வந்த நூல்களிலேயே உண்டு, ஆனால் அதை எல்லா நோய்க்கும் விளக்கம் சொல்லும் முழு ஏற்பாடாகக் கட்டி எழுப்பியவர் கேலன். அதோடு இரத்தம் எடுக்கும் சிகிச்சைக்கு வாதாடித் தனி நூல்களே எழுதினார். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் வந்தது தெரியுமா? 1799 டிசம்பரில் ஜார்ஜ் வாஷிங்டனுக்குத் தொண்டையில் கடுமையான வீக்கம், மூச்சு விட முடியவில்லை. என் துறையைச் சேர்ந்த நோய் என்பதால் அந்தக் குறிப்புகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது அடித்துக்கொள்ளும். ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் இரத்தத்தை வடித்தார்கள். அங்கிருந்த மருத்துவர்களிலேயே வயதில் குறைந்த எலிஷா டிக், இனி இரத்தம் எடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் துளையிடலாம் என்றார். மூத்தவர்கள் கேட்கவில்லை. அன்று இரவே வாஷிங்டன் இறந்தார்.

கேலன் செத்து ஏறத்தாழ 1600 வருஷம் கழித்து நடந்த சாவுக்கு அவர் பொறுப்பா என்று எதிரணி கேட்கும், கட்டாயம் கேட்கும். அதற்குப் பதில் இது. நரம்பைக் கட்டி அவிழ்த்துப் பார்த்தவர், மருந்தையும் இரத்தம் எடுப்பதையும் அப்படிச் சோதிக்கவே இல்லை. இரத்தம் எடுக்கப்பட்ட நோயாளிகளில் எத்தனை பேர் பிழைத்தார்கள், எடுக்கப்படாதவர்களில் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. குணமான நோயாளிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பெருமையாக எழுதினார். இதில் இருந்த ஓட்டை அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அப்படியே போனது. பாரிஸில் பியர் லூயி என்ற மருத்துவர் நிமோனியா நோயாளிகளை எண்ணி, இரத்தம் எடுப்பதால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்று 1835இல் எழுதும் வரை அந்த எண்ணிக்கைக்கு ஆள் வரவில்லை. பாம்புக் கறியும் அபினும் இன்னும் பல டஜன் சரக்குகளும் சேர்த்துக் கிண்டிய 'தெரியாக்' என்ற விஷமுறிவு லேகியத்தை மார்க்கஸ் அரேலியஸுக்குத் தயாரித்துக் கொடுத்தவர் கேலன். அதையும் 1745இல் ஆங்கில மருத்துவர் ஹெபர்டன் எதிர்த்து எழுதிய பிறகும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே மேடையில் எழுந்ததும் முதல் நிமிடத்திலேயே பன்றி, சிறுநீரகம் இரண்டையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எதிரணி அதைத்தான் கையில் வைத்திருக்கும், அவர்கள் எடுப்பதற்கு முன் நீங்கள் எடுத்துவிட்டால் நடுவருக்கும் உங்கள் நேர்மை மேல் நம்பிக்கை வரும். அடுத்து இதயத்தின் துளை, கடைசியில் வாஷிங்டன். தலைப்பிலுள்ள "ஆயிரம் வருஷம்" என்ற கணக்கை நீங்களாகத் தொடாதீர்கள், அதை யாராலும் நிரூபிக்க முடியாது. நடுவர் கேட்டால், எண்ணிப் பார்க்கும் பழக்கம் சிகிச்சைக்குள் வரத் தாமதமானதில் கேலனுடைய மலை போன்ற புகழுக்கும் பங்கு உண்டு, எங்கள் வாதம் அதுதான் என்று நிறுத்திக்கொள்ளுங்கள். இதை நீங்கள் மனதார நம்பியே பேசலாம், நானும் நம்புகிறேன்.

நேரம் கிடைத்தால் இயற்கை ஆற்றல்கள் பற்றிய அவருடைய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பை நெட்டில் எடுத்து, முதல் பாகத்தில் சிறுநீரகச் சோதனை வரும் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள். எதிராளிகளை அவர் வைகிற வசவுகளும் அங்கேயே இருக்கின்றன. ஒன்றிரண்டை மேடையில் எடுத்துவிட்டால் அரங்கம் கைதட்டும்.